‘ஆஸ்பத்திரி வேலை’ என்றால் எந்த வேலை?

"கொழும்புல ஆஸ்பத்திரியில வேல இருக்காம். தங்க எடமும் சாப்பாடும் குடுக்கிறாங்களாம். புள்ளைய அனுப்பலாமா?"

சாதாரண தரப் பெறுபேறு வந்த சில நாட்களில் பொல்பிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கேட்கும் பேச்சு இது. கேட்பவர் அம்மாவாக இருப்பார். தகவல் அனுப்பியவள் அக்கா முறையான ஒருத்தியாக இருப்பாள். அவளும் சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு தொலைபேசி அழைப்பை நம்பிப் பஸ் ஏறியவள்தான்.

அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியில் எந்த வேலை? வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரும் தாதி இல்லை. ஒரே வார்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி, வேலையை விட்டாலும் இன்னோர் ஆஸ்பத்திரியில் அதே பதவியைக் கேட்டு வாங்கக்கூடியவளாக இருப்பாள். மற்றவள் பத்து வருடம் உழைத்த பிறகும் புதிய இடத்தில் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியவளாக இருப்பாள். வித்தியாசம் திறமையில் இல்லை. பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. சுகாதாரத் துறையில் வேலை தேடும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கொழும்பு ஏன் இழுக்கிறது?

பொல்பிட்டிய கித்துல்கலைக்கும் நோர்ட்டன்பிரிட்ஜுக்கும் இடையில், களனி கங்கையின் மேற்பகுதியில் இருக்கிறது. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் வெளியூருக்குப் பெயர் தெரிந்த இடம். டர்பைனைச் சுற்றிவிட்ட தண்ணீர் களனியோடு கொழும்புக்கு இறங்குகிறது. பிள்ளைகளும் அதே பள்ளத்தாக்கு வழியாக அவிசாவளை பஸ்ஸில் இறங்குகிறார்கள்.

இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய ஆஸ்பத்திரியான தேசிய வைத்தியசாலை கொழும்பில். சிறுவருக்கான லேடி ரிட்ஜ்வே, பெண்களுக்கான காசல் வீதி ஆஸ்பத்திரி, 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று ஆஸ்பத்திரி எல்லாம் அதே நகரத்தில். புற்றுநோய்க்கான அபேக்ஷா மஹரகமவில். இவற்றோடு களுபோவில, ராகம போதனா ஆஸ்பத்திரிகள், ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரி. இவை அரசின் பக்கம். தனியார் பக்கத்தில் நவலோக, ஆசிரி, டேர்டன்ஸ், லங்கா ஹொஸ்பிடல்ஸ், ஹேமாஸ் என்று பெரிய பெயர்கள் அனைத்தும் கொழும்பையும் அதன் புறநகரையும் மையமாகக் கொண்டவை. இவற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஆய்வுகூடங்கள், மருந்துக் கடைகள், சனல் சென்டர்கள், முதியோர் இல்லங்கள், வீட்டுக்குத் தாதி அனுப்பும் நிறுவனங்கள். இத்தனைக்கும் ஆள் தேவை.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்தத் தேவையை இன்னும் பெரிதாக்கியது. அந்த வருடம் ஜூனில் அரசு தன் ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழிவிட்டது. அதே வருட இறுதியில் அரச ஊழியர்களின் கட்டாய ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டது. வைத்தியர்களும் தாதியரும் தொழில்நுட்பவியலாளர்களும் பெரும் எண்ணிக்கையில் நாட்டை விட்டுப் போனார்கள். அரச ஆஸ்பத்திரியில் வெற்றிடம் விழுந்தது. தனியார் ஆஸ்பத்திரியிலிருந்தும் அனுபவம் உள்ளவர்கள் போனதால் அங்கும் புது ஆட்களைத் தேடும் வேகம் கூடியது.

ஆகவே ‘வேலை இருக்காம்’ என்பது பொய்யில்லை. வெற்றிடம் எந்தப் படியில் இருக்கிறது, நம் பிள்ளையை எந்தப் படியில் ஏற்றப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மூன்று படிகள்

சுகாதாரத் துறை வேலைகளை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் படி, பதிவு உள்ள தொழில்கள். வைத்தியர், பல் வைத்தியர், குடும்பநல உத்தியோகத்தர் (நாம் மிட்வைஃப் என்கிறவர்), மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், எக்ஸ்ரே எடுக்கும் கதிர்ப்படப்பிடிப்பாளர், பிசியோதெரபிஸ்ட் போன்றோர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்ய வேண்டும். தாதியருக்கு வேறு சபை: 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை தாதியர் சபை. இந்தப் பதிவு இலக்கம் இருந்தால் நீங்கள் அந்தத் தொழிலுக்கு உரியவர். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது கூடவே வரும். வெளிநாட்டு ஆஸ்பத்திரி முதலில் கேட்பதும் அதைத்தான்.

இரண்டாம் படி, தேசிய தொழில் தகைமை உள்ள வேலைகள். என்.வி.க்யூ. என்று சொல்வார்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள் உண்டு. பராமரிப்பாளர், அதாவது கெயார் கிவர், இந்த வழியில் வருகிறவர். இந்தச் சான்றிதழ் அரசு ஏற்ற ஒரு தகைமை. ஆனால் அது தாதிப் பதிவு ஆகாது. கெயார் கிவர் படிப்பு முடித்தவர் நல்ல கெயார் கிவர். அவரைத் தாதி என்று யாராவது சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது, சட்டப்படி இல்லை.

மூன்றாம் படி, தாள் இல்லாத வேலைகள். அட்டெண்டன், சுத்திகரிப்பு, வார்டு உதவி, சமையலறை, சலவை, வரவேற்பு மேசை. தனியார் ஆஸ்பத்திரி தன் சொந்தச் செலவில் சில மாதம் பழக்கி ‘நர்சிங் அசிஸ்டன்ட்’ என்று போடும் வேலையில் ஒரு பகுதியும் இதற்குள் அடங்கும். அந்தப் பழக்கம் அந்த ஆஸ்பத்திரிக்குள் மதிக்கப்படும். வாசலுக்கு வெளியே அதன் பெறுமதி என்ன என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி வேலை கேவலமான வேலை இல்லை. அந்த ஆட்கள் இல்லாமல் ஒரு வார்டும் ஒரு மணி நேரம் ஓடாது. ஆனால் அங்கே நின்றபடி மேலே ஏறும் ஏணி தானாக வராது. அதனால்தான் எந்தப் படியில் கால் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

அரச கதவு: மெதுவாகத் திறக்கும், திறந்தால் மூடாது

அரச தாதியாவதற்கான வழி, அரசின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள். கொழும்பு, கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. பயிற்சி மூன்று வருடம். பெரிய விஷயம் என்னவென்றால், இதற்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. லயத்து வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு குறைவு.

சேரும் வழி வர்த்தமானி. அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், தமிழிலும் வரும், அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தாதியர் பயிற்சிக்கான அறிவித்தல் எல்லா வருடமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. சில உயர்தர வருடங்களைச் சேர்த்து ஒரே தடவையில் கூப்பிடுவதும் உண்டு. வயது எல்லை, உடற்தகுதி, பாடப் பிரிவு ஆகியவை வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறலாம். அதனால் ‘போன முறை அக்காவுக்கு இப்படித்தான்’ என்பதை நம்பாமல் அந்த முறை வந்த அறிவித்தலை வாசிக்க வேண்டும். தெரிவில் உயர்தர இசட் புள்ளிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அண்மைக்கால அறிவித்தல்கள் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியையே எதிர்பார்க்கின்றன.

இங்கேதான் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கதவு பதினாறு வயதிலேயே சாத்தப்பட்டுவிடுகிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தமிழில் படிக்கும் வசதி, ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சில பாடசாலைகளில்தான் உறுதியாகக் கிடைக்கிறது. பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருந்தால் பிள்ளை கலைக்குப் போகிறது. மூன்று வருடம் கழித்துத் தாதியாக வேண்டும் என்று ஆசைப்படும்போது, அந்த ஆசைக்குத் தேவையான பாடம் கையில் இல்லை. எனவே முடிவு எடுக்க வேண்டிய நேரம் உயர்தரப் பெறுபேறு வரும் நாள் இல்லை; சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சி இன்னொரு கதவு. ஒன்றரை வருடப் பயிற்சி, அதில் ஒரு பகுதி ஆஸ்பத்திரியில், ஒரு பகுதி களத்தில். ஏறக்குறைய மூவாயிரம் பேர் கொண்ட ஒரு பகுதி ஒருவரிடம் ஒப்படைக்கப்படும் என்பது பொதுவான அளவு. கர்ப்பிணித் தாயைப் பதிவதிலிருந்து பிள்ளைக்கு ஊசி போடும் நாளை நினைவூட்டுவது வரை அவரது வேலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., இதே களத்தில் வேலை செய்பவர். டெங்கு, உணவுக் கடை, குடிநீர், தொற்றுநோய் எல்லாம் அவர் கையில். இவர்களுக்கான பயிற்சியில் களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்துக்கு முக்கிய இடம் உண்டு. நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கியதும் களுத்துறையில்தான்.

ஆய்வுகூடம், மருந்து, எக்ஸ்ரே போன்ற துறைகளுக்கு அரசின் டிப்ளோமாப் பயிற்சியும் உண்டு, பல்கலைக்கழகப் பட்டமும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய வாய்ப்பு. தாதியியல் பட்டத்தை யாழ்ப்பாணம், கிழக்கு, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். வேலையில் இருக்கும் தாதியர் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் முடிக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலாக இந்தப் பட்டியலுக்கு ஐந்து வீதம் ஒதுக்கப்படுகிறது. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத புள்ளியில் நுவரெலியாப் பிள்ளைக்கு இடம் கிடைக்கக் கூடும். உயிரியல் கடினம் என்று பயந்து விலகும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

சம்பளம்? 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச துறையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தாதியர், தொழில்நுட்பவியலாளர்களின் சம்பளம் இந்த அடிமட்டத்துக்கு மேலே தொடங்குகிறது. கொடுப்பனவும் மேலதிக நேரமும் தனி. ஆனால் அரச கதவு மெதுவாகத் திறக்கும். உயர்தரம் எழுதியதிலிருந்து நியமனக் கடிதம் கைக்கு வர ஐந்தாறு வருடம் எடுப்பது அதிசயம் இல்லை.

தனியார் கதவு: உடனே திறக்கும், உள்ளே பார்த்து நுழைய வேண்டும்

அந்த ஐந்தாறு வருடம் காத்திருக்க எல்லா வீட்டாலும் முடியாது. அதனால்தான் தனியார் ஆஸ்பத்திரி இழுக்கிறது. நேர்முகப் பரீட்சை திங்கட்கிழமை என்றால் புதன்கிழமை வேலை. பெரிய ஆஸ்பத்திரிகள் சில தாமே தாதியர் பயிற்சிப் பாடசாலை நடத்துகின்றன. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு தந்து, முடிந்த பின் சில வருடம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் எழுதுவார்கள். இது நல்ல ஏற்பாடாகவும் இருக்கலாம். கையெழுத்து வைக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: அந்தப் பயிற்சியை முடித்தவர்களைத் தாதியர் சபை பதிவு செய்கிறதா? ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

தனியார் ஆஸ்பத்திரிகளும் ஆய்வுகூடங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிந்திருக்க வேண்டும். மருந்துக் கடைக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும்; பதிவுள்ள மருந்தாளர் ஒருவரும் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கும் பையனுக்கும் அந்த மருந்தாளருக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் இந்த ஒரு விதியால் வருவது.

இப்போது கணக்குக்கு வருவோம். தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத்தில் 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்திலேயே மாதம் 25 பேர் (25 நாள் வேலை) விழுந்தால் 33,750 ரூபா. அதாவது, தாள் இல்லாத வேலைக்கு அடிமட்டச் சம்பளத்தில் கொழும்பு போகிறவருக்கு, போர்டிங், சாப்பாடு, பஸ் கழித்த பிறகு மிஞ்சுவது கொழுந்து பறித்துக் கிடைப்பதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். 25 பேர் விழும் மாதங்கள் எத்தனை, மலையில் அட்டையும் மழையும் எப்படி என்பது தெரிந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுக்கதை இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் ‘கொழும்பு என்றால் கூடச் சம்பளம்’ என்பதைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. தங்குமிடமும் சாப்பாடும் இலவசமா, சம்பளத்தில் வெட்டுவார்களா என்று கேட்டு, கையில் மிஞ்சும் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சம்பளச் சீட்டு கட்டாயம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி மட்டும் 3 வீதம். தோட்டத்தில் வேலை செய்த அப்பா அம்மாவுக்கு இந்த எழுத்துகள் பழக்கம்; அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கொழும்பு ஆஸ்பத்திரி என்பதற்காக இந்தச் சட்டம் மாறுவதில்லை.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களில் கூடுதல் கவனம் வேண்டும். படுத்த படுக்கையான முதியவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் வேலை. மலையகப் பெண்கள் பலர் இதில் இருக்கிறார்கள். நாட்கூலியில் எவ்வளவை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது, வார விடுமுறை உண்டா, வீட்டு வேலையும் சேர்த்துச் செய்ய வேண்டுமா, தேசிய அடையாள அட்டையை யாராவது வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’ என்றால் போக வேண்டாம். அடையாள அட்டை உங்களிடமே இருக்க வேண்டும். சம்பளப் பிரச்சினை என்றால் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குப் போகலாம்.

ஏற்கெனவே இந்த வேலையில் பல வருடம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.க்யூ. சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. நைட்டா என்ற தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிடம் விசாரிக்கலாம். மூன்றாம் படியில் நிற்பவர் இரண்டாம் படிக்கு ஏற இது நேர்வழி.

குறுகிய காலப் படிப்புகள்

ஹட்டன் நகரில் சுவரொட்டி, முகநூலில் விளம்பரம்: ‘ஆறு மாதத்தில் தாதி ஆகலாம்.’ ஆறு மாதத்தில் தாதி ஆக முடியாது. அரசுக் கல்லூரியிலேயே மூன்று வருடம். ஆறு மாதத்தில் நல்ல பராமரிப்பாளர் ஆகலாம், முதலுதவி கற்கலாம், ஆங்கிலம் திருத்தலாம். அதற்குரிய பெயரில், அதற்குரிய கட்டணத்தில் அதைப் படிப்பது தப்பில்லை.

பயிற்சி நிலையம் எதுவாக இருந்தாலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவா என்று பார்க்கலாம். நிலையத்தின் பதிவு ஒன்று, குறிப்பிட்ட படிப்புக்கான அங்கீகாரம் இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவது இருப்பது போலச் சொல்வது விளம்பரக்காரர்களின் வழக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வெளிநாடு என்ற மூன்றாவது கதவு

கொழும்பில் ஒரு கால் வைத்த உடனேயே அடுத்த பேச்சு வெளிநாடு. இதில் நாட்டுக்கு நாடு விதி வேறு.

ஜப்பானோடு 2019இல் இலங்கை ஒப்பந்தம் செய்தது. முதியோர் பராமரிப்புக்குப் போக விரும்புபவர் அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சை, பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்குரிய ஜப்பானிய மொழிப் பரீட்சை ஆகியவற்றில் சித்தியடைய வேண்டும். இங்கே மொழிதான் முக்கால்வாசி வேலை. இஸ்ரேலோடு 2020இல் வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கான அரச மட்ட ஒப்பந்தம் வந்தது. போகும் வழி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். பிரித்தானியா சில வருடங்கள் பராமரிப்பாளர்களுக்குக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்னமும் ‘லண்டன் கெயார் விசா’ என்று பணம் கேட்பவர் இருந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே விளங்கும். பதிவுள்ள தாதியருக்கான வழி வேறு, அது மூடப்படவில்லை.

இந்த ஒரு உதாரணமே போதும். விதி மாறும்போது முதலில் அடிபடுவது பதிவு இல்லாத வேலை. பதிவு உள்ளவர்களுக்கு ஒரு நாடு மூடினால் இன்னொரு நாடு இருக்கிறது. போவதற்கு முன் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முகவரின் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்க்கலாம்.

தமிழ் ஒரு தகுதி

நம் பிள்ளைகள் கொழும்பு போனதும் சிங்களம் சரளமாக வரவில்லை என்று கூசுகிறார்கள். சிங்களம் வேண்டும், சந்தேகம் இல்லை. பதிவேடு, மேலதிகாரி, சக ஊழியர் எல்லாம் பெரும்பாலும் அந்த மொழியில். மருத்துவச் சொற்களுக்கும் வெளிநாட்டுக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆனால் கொழும்பு மாநகரத்துக்குள் வாழ்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழ் பேசுவோர். வலி எங்கே என்று தன் மொழியில் சொல்ல முடியாத நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ் பேசும் தாதி, அந்த வார்டுக்குத் தேவையான ஆள். நேர்முகப் பரீட்சையில் மூன்று மொழியும் பேசுவேன் என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தால், அது ஒரு சான்றிதழுக்குச் சமம்.

ஊர்ப் பக்கமும் வேலை இருக்கிறது

கொழும்பு பற்றியே பேசிவிட்டு ஊரை மறந்துவிடக் கூடாது. தோட்டங்களில் சுகாதாரம் ஒரு நீண்ட கதை. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்த நாளிலிருந்து தோட்டத் தொழிலாளியின் மருத்துவம் நாட்டின் பொது ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் தனிப் பாதையில் ஓடியது. தோட்டத்து டிஸ்பென்சரியும் அங்கே இருக்கும் ஈ.எம்.ஏ. என்ற தோட்ட மருத்துவ உதவியாளரும் அந்தப் பாதையின் மிச்சங்கள். இப்போது தோட்டச் சுகாதாரம் படிப்படியாக அரசின் கைக்குள் வருகிறது. வரும்போது தேவைப்படுவது தமிழ் பேசும் பயிற்சி பெற்ற ஆட்கள். லயத்துக்கு வந்து தாயிடம் தமிழில் பேசக்கூடிய குடும்பநல உத்தியோகத்தர் போதாது என்பது மலையகத்தில் பல காலமாகச் சொல்லப்படும் குறை.

டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் 150 படுக்கைக் கட்டடம் இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடியால் திறக்கப்பட்டது. கட்டடம் வந்தது, கட்டடத்துக்குள் வேலை செய்யும் ஆட்களை அதே மண்ணிலிருந்து எடுக்க முடிந்தால்தான் அந்த உதவி முழுமையாகும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடெங்கும் ஓடும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் இந்திய உதவியில் வந்ததுதான். அதில் போகும் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் வேலை, இருபது வருடத்துக்கு முன் நம் ஊரில் யாரும் கேள்விப்படாத ஒன்று. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கரவனெல்லை ஆஸ்பத்திரிகள் பொல்பிட்டியவிலிருந்து எட்டிப் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கொழும்பில் பயிற்சி எடுத்து, ஊருக்குப் பக்கத்தில் நியமனம் வாங்குவது நடக்காத காரியம் இல்லை.

பணம் கட்டும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? அப்பாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். நேர்முகப் பரீட்சை அன்று அது பெரிய சிக்கலாகும். பிரதேச செயலகத்தில் திருத்தம் செய்ய மாதக்கணக்கில் எடுக்கலாம். இன்றே தொடங்குங்கள். வதிவிடத்துக்கான கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.

அடுத்து வர்த்தமானி. வெள்ளிக்கிழமை பார்க்கும் பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது வர வேண்டும். கைத்தொலைபேசியில் பாட்டு, நாடகம் பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும். விளங்காவிட்டால் பாடசாலை ஆசிரியரிடம் கேளுங்கள், அல்லது அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழிலும் பதில் சொல்வார்கள்.

பிறகு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண தர வகுப்பில் விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையைக் கண்டால், அடுத்த வருடம் உயிரியல் படிக்க எந்தப் பாடசாலைக்குப் போகலாம் என்பதை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். விடுதிக்கும் பஸ்ஸுக்கும் செலவு என்று வீடு தயங்கும். ஆறு மாதப் படிப்புக்குக் கட்டப் போகும் பணத்தோடு அந்தச் செலவை ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக, படிப்பு எங்கே இருந்தாலும், பணம் எவ்வளவாக இருந்தாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதை முடிச்சா எம்புள்ள பேரு எந்தச் சபையில பதிவாகும்?" சபையின் பெயரைத் தெளிவாகச் சொன்னால், அந்தச் சபைக்கே அழைத்து உறுதிசெய்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்புங்கள்.